பஸ் ஸ்டாண்ட்ல ஆள் எண்ணினா பஸ் இல்லாத தோட்டம் தெரியாது

இலங்கையில நுவரெலியா மாவட்டத்துல எந்த எடத்துக்கு பஸ் போதாதுன்னு கண்டுபிடிக்க ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்ல நின்னு ஏறுற ஆளுங்கள எண்ணுறதுல பிரயோசனம் இல்லைங்க. அங்க நிக்கிறவங்க எப்பிடியோ ரோட்டுக்கு வந்து சேர்ந்தவங்க. தேயிலைத் தோட்டத்து லயத்துலருந்து (தொழிலாளருங்க இருக்கிற வரிசை வீடு) எறங்கி வர வழியில்லாம வீட்டோட நின்னுட்டவங்க அந்தக் கணக்குல வரவே மாட்டாங்க, அப்ப கணக்கு எடுக்கிறவங்களுக்கு இந்த ரூட்டுக்கு ஓடுற பஸ்ஸே போதும்னுதான் தெரியும்.

ஹட்டன்லருந்து நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் மெயின் ரோட்டுல இ.போ.ச. (அரசாங்க) பஸ்ஸும் ஓடுது பிரைவேட்டும் ஓடுது. பிரச்சின அந்த ரோட்டுக்கு மேல, தேயிலைக்குள்ள போற பாதையில. மேப்புல பாத்தா கிட்டத்துலதான் இருக்கும், ஆனா மழை நாள்ல காய்ச்சல்ல கெடக்கிற புள்ளைய தூக்கிக்கிட்டு அந்த ஏத்தத்துல நடந்து பாத்தவங்களுக்குத்தான் அது எவ்வளவு தூரம்னு தெரியும்.

அந்தப் பாதைங்க ஏன் இப்பிடி கெடக்குன்னு கேட்டா, 1987ல வந்த பிரதேச சபைச் (உள்ளூராட்சி சபை) சட்டப்படி தோட்டத்துக்குள்ள சபைக் காசை செலவழிக்க முடியாம இருந்துச்சு, அத திருத்தினதே 2018லதான். முப்பது வருசத்துக்கு மேல சபையும் கை வைக்கல, தோட்டத்த நடத்துற கம்பனியும் கொழுந்து லொறி போற அளவுக்குத்தான் பாத்துக்கிட்டாங்க. ரோடு மோசம்னு பஸ்காரர் வரமாட்டார், பஸ் வராததால சனம் ஆட்டோ பிடிக்குது, சனம் ஆட்டோவுல போறதால பஸ்ஸுக்கு ஆளில்லன்னு முடிவாகுது. இந்த வட்டத்த யாராவது ஒரு எடத்துல வெட்டி விடணும்.

ஆட்டோ கூலிய சும்மா நினைக்காதீங்க. 2024ல தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூவான்னு வந்துச்சு. கிளினிக்குக்கு போற அன்னைக்கு பேரும் விழாது (அந்த நாள் சம்பளம் இல்ல), போக வர ஆட்டோவுக்கும் குடுக்கணும். அதனால பிரஷர், சீனி வருத்தம் உள்ள வயசானவங்க மருந்து முடிஞ்சும் போகாம விட்டுடுறாங்க. புள்ளைங்க கதையும் அப்பிடித்தான், ஏ.எல். (உயர்தர) சயன்ஸ் படிக்க டவுன் ஸ்கூலுக்குத்தான் போகணும், பின்னேரம் டியூஷன் முடிஞ்சு வர பஸ் இல்லன்னா பொம்பளப் புள்ளைய அனுப்ப வீட்டுல பயப்படுவாங்க, கெட்டிக்காரப் புள்ள கிட்ட உள்ள ஸ்கூல்ல இருக்கிற பாடத்தோட நின்னுடும். எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிற விசயம்.

ஸ்கூல் புள்ளைங்களுக்கு சிசு செரிய, கிராமத்துக்கு கெமி செரிய, ராத்திரிக்கு நிசி செரியன்னு திட்டங்கள் இல்லாம இல்ல. நட்டத்துல ஓடுற ரூட்டுக்கு அரசாங்கம் காசு குடுத்து ஓட வைக்கிறதுதான் அதோட நோக்கமே. அப்ப எந்த ரூட்டுக்கு குடுக்கிறதுன்னு தெரிவு பண்ற எடத்துலதான் தோட்டம் விடுபட்டுப் போகுது, கேக்கிறதுக்கு ஒரு கடுதாசி கூட அங்கருந்து போறதில்ல.

இன்னொன்னு மாகாண எல்லை. உடப்புசல்லாவை மத்திய மாகாணம், வெலிமடை ஊவா. சனத்துக்கு அது பக்கத்து டவுன். ஆனா மாகாணத்துக்குள்ள ஓடுற பஸ்ஸுக்கு மாகாண அதிகார சபை பர்மிட், எல்லை தாண்டினா தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பர்மிட். தனித்தனியா கணக்கு எடுத்தா எல்லையில இருக்கிற தோட்டம் ரெண்டு பக்கத்துக்கும் கடைசி ஊராத்தான் தெரியும்.

அதனால கணக்கெடுப்ப ஆட்டோ ஸ்டாண்ட்லருந்து தொடங்குங்க. தோட்டத்துல எந்த டிவிஷனுக்கு (பிரிவுக்கு) எத்தன மணிக்கு ஹயர் (வாடகை ஓட்டம்) அதிகமா போகுதுன்னு அவங்களுக்கு அத்துப்படி. கிளினிக்ல வராம விட்டவங்க எந்தத் தோட்டம்னு பாருங்க, ஸ்கூல் டாப்புல (வரவுப் பதிவுல) மழை மாசத்துல யார் வரலன்னு பாருங்க, காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களத்துல நின்னு பொம்பளைங்ககிட்ட கேளுங்க. ஆபீஸ்ல இருந்து கேக்கிறவங்க தமிழ்ல கேக்கணும், இதயும் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் பெரிய பஸ் ஏறாத பாதைக்கு சின்ன பஸ்ஸோ வேனோ பர்மிட்டோட, டிக்கட்டோட, நேரம் போட்டு விடுங்க. காலையில ஸ்கூல் நேரத்துக்கு ஒன்னு, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒன்னு, முதல்ல இந்த ரெண்டு போதும்.