எது முதலில் வந்தது?

மின்சாரம் தயாரிக்கும் கேஸ் எஞ்சின் டிரிப் ஆன, அதாவது கோளாறு கண்டு தானாக நின்றுபோன, அடுத்த நொடி கட்டுப்பாட்டுப் பேனலைப் பாருங்கள். திரை முழுக்கச் சிவப்பு. ஆயில் அழுத்தம் குறைவு, வேகம் குறைவு, மின்னழுத்தம் இல்லை, பிரேக்கர் (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்துவிட்டது. எஞ்சின் நின்றால் அது சுழற்றும் ஆயில் பம்பும் நிற்கும், அழுத்தம் விழத்தான் செய்யும். இதை அலறிச் சொல்ல ஓர் அலாரமா? இயக்க வேகத்துக்குக் கீழே போனதும் அதைத் தடுத்துவைப்பதில் என்ன சிரமம்?

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எது முதலில் வந்தது? அது மட்டும் பட்டியலின் அடியில் புதைந்து கிடக்கும். தேடிப் பிடித்தால் நேரம் நொடிக்கணக்கில்தான் பதிவாகியிருக்கும். நாக்கிங் (சிலிண்டருக்குள் கேஸ் தாறுமாறாக வெடித்து எரிவது), கேஸ் அழுத்தம், பிரேக்கர் மூன்றுக்கும் ஒரே 02:14:37. மில்லி நொடிகளில் நடந்து முடிகிற விஷயத்தை நொடியில் எழுதிவைத்தால் யாருக்கு என்ன பயன்? அதிலும் 'பொதுக் கோளாறு' என்று ஒரு வரி வரும்! எந்தக் கோளாறு? எங்கே?

ஹார்னை நிறுத்தும் பொத்தானும் ரீசெட் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில், எழுத்து தேய்ந்துபோய். காது கிழிகிற சத்தத்தில் கை ரீசெட்டில் விழுந்தால் இருந்த தடயமும் போயிற்று. பிறகு மேலதிகாரி வந்து கேட்பார்: "ஏன் நின்றது?" பேனலைக் கேளுங்கள் ஐயா, என்னை ஏன் கேட்கிறீர்கள்?

மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் "காத்திருக்கவும்." எரியாத கேஸை வெளியேற்றப் பற்றவைக்காமல் சுழற்றுகிறதா, வால்வு கசிவைச் சோதிக்கிறதா, தண்ணீர் சூடாகவில்லையா? ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?