லிம் செங் ஹோ நினைவிலிருந்து வரைந்தாரா?

சிங்கப்பூர் ஆறு, அதில் நெருங்கி நிற்கும் சரக்குப் படகுகள், அத்தாப்பு ஓலை வேய்ந்த கம்பத்து (மலாய் வழக்கில் கிராமத்து) வீடுகள். சிங்கப்பூர் ஓவியர் லிம் செங் ஹோவின் நீர்வண்ண ஓவியங்களோடு ஒரு செய்தியும் சுற்றி வருகிறது: "எல்லாம் அழிந்த பிறகு, ஏக்கத்தில் நினைவிலிருந்து வரைந்தவை."

இது தவறு. அவர் இறந்தது 1979-இல். ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கியது 1977-இல், முடிய பத்தாண்டு ஆயிற்று. சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டது 1983-இல். படகுகள் இல்லாத ஆற்றை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம் எதற்கு ஏக்கம்?

கம்பங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் வந்ததிலிருந்தே அவை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. அது அவர் கண்முன்னே நடந்ததுதான்.

ஆனால் அவர் வரைந்த விதத்தையும் பாருங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தில் எழுத்தர் வேலை. ஓய்வு நாளில் நண்பர்களோடு ஆற்றங்கரைக்குப் போய், இடத்திலேயே உட்கார்ந்து வரைவார். ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் காயாது, வெளிச்சமோ காத்திருக்காது. அந்த அவசரம்தான் தண்ணீரில் விழும் நிழல்களில் தெரிகிறது. எனக்கு அவற்றில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

"கம்பங்களே இப்போது இல்லை" என்று அதே செய்தி முடிகிறது. அதுவும் சரியில்லை. சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் கம்போங் லோரோங் புவாங்கோக் இன்னும் இருக்கிறது.