முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்

இனிப்பு நீர், அதாவது இரண்டாம் வகை நீரிழிவு, என்று ஒருவருக்குக் கண்டுபிடித்த அன்றைக்கே இன்னொன்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஆரம்ப வருடங்களில் எடையை நன்றாக இறக்கினால், மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் வர வாய்ப்பு இருக்கிறது. எல்லாருக்கும் அப்படி நடக்காது, ஆனால் நிறைய பேருக்கு நடந்திருக்கிறது. இதை மறைத்து "இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று அனுப்பி வைப்பது நியாயமில்லை.

அப்பாவுக்கு வந்த காலத்தில் இது டாக்டர்களுக்கே தெரியாது. அவருடைய கடைசி வருடங்கள் டயாலிசிஸ் நாற்காலியில் கழிந்தன. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணனுக்குக் கண்டுபிடித்தபோது ஆய்வுகள் வந்து பல வருடமாகியிருந்தது. அவர் போன கிளினிக்கில் மாத்திரையும், "சோத்தைக் குறைங்க, சீனியைக் குறைங்க" என்ற ஒரு வரியும்தான் கிடைத்தன. எவ்வளவு குறைப்பது, எதற்காகக் குறைப்பது, குறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் ஒரு நாளைக்கு மொத்தமே சுமார் எண்ணூறு கலோரி சாப்பிடும் உணவுமுறை பற்றியே கேள்விப்பட்டோம்.

இது வாட்ஸ்அப்பில் சுற்றும் வெண்டைக்காய்த் தண்ணீர் கதை இல்லை. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராய் டெய்லரின் குழு 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 பேர், 8 வாரம், ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு இறங்கியது. ஈரலில் சேர்ந்திருந்த கொழுப்பு முதலில் கரைந்தது. அப்புறம் கணையத்தில் இருந்த கொழுப்பும் குறைய, இன்சுலின் சுரப்பு மெல்ல மெல்லத் திரும்பியது. கணையத்திலிருந்து குறைய வேண்டிய கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு என்று அதே குழு பின்னால் காட்டியது. அந்த ஒரு கிராமைக் குறைக்க உடம்பில் பல கிலோ இறங்க வேண்டியிருக்கிறது.

2017-ல் வந்த டைரக்ட் ஆய்வு இன்னும் பெரியது. சாதாரணக் குடும்ப டாக்டர் கிளினிக்குகளிலேயே நடத்தினார்கள். நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் வரை சூப்பும் ஷேக்குமாக (மாவைக் கலக்கிக் குடிக்கும் பானம்) ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி. ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் இது 4 சதவீதம்தான். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் பார்த்தால் 86 சதவீதம். கத்தாரில், நோய் வந்து 3 வருடத்துக்குள் இருந்த 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இதே வழியில் செய்து பார்த்தார்கள். 2020-ல் வந்த அந்த முடிவில் 61 சதவீதம்.

இதில் காலம் முக்கியம் என்பதைக் கவனியுங்கள். வருடங்கள் போகப் போக இன்சுலின் சுரக்கும் செல்கள் மீளும் வாய்ப்பு குறைகிறது. அதனால்தான் முதல் நாளிலேயே சொல்லுங்கள் என்று கத்துகிறேன். பத்து வருடம் கழித்துச் சொல்வதும் இன்று சொல்வதும் ஒன்றில்லை.

"நான் ஒன்றும் குண்டு இல்லையே, எனக்கு எதற்கு?" என்று நம்மவர்கள் நிறைய பேர் கேட்கிறார்கள். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால். நம் இனத்தவருக்கு அதிக எடை இல்லாமலே ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. எடை அதிகமில்லாத 20 பேரை வைத்து நியூகாசலில் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. ஆறு ஏழு கிலோ அளவுக்குக் குறைத்ததிலேயே 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. நம் மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, அதிலும் ஆக அதிகம் இந்தியர்களுக்குத்தான். புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுதான் காரணம். இந்தச் செய்தியை நம்மை விட அவசரமாகக் கேட்க வேண்டியவர்கள் யார்?

சரி, எண்ணூறு கலோரி என்றால் எவ்வளவு? ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) சுமார் 300. இரண்டு ரொட்டி, குழம்பு, ஒரு தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்). காலையில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து எழுந்தால் ஒரு நாள் கணக்கு முடிந்தது.

அண்ணன் பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். மூன்று வேளை ஷேக், இரவில் கூடவே ஒரு பெரிய தட்டுக் காய்கறி. அண்ணி முட்டைக்கோஸையும் பீன்ஸையும் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் போட்டு, ஒரு சின்னக் கரண்டி எண்ணெயில் ஆவி கட்டி வேகவைப்பார். தேங்காய்ப்பூ கிடையாது. வெள்ளரிக்காயில் எலுமிச்சை பிழிந்து மிளகுத்தூள். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், பேச்சே இல்லை. இரண்டாவது வாரத்தில் பசி அடங்கிவிட்டது என்று அவரே சொன்னார். மலச்சிக்கல் மட்டும் கடைசி வரை இருந்தது. நிறைய தண்ணீரும் இசப்கோலும்தான் அதற்குக் கைகொடுத்தன.

பசியை விடப் பெரிய சோதனை மனிதர்கள்தான். அம்மா அழுதார். "என்னய்யா, முகமெல்லாம் ஒட்டிப்போச்சு, அப்பா மாதிரி ஆயிடுவியோ" என்று. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் "ஒரு நாள் சாப்பிட்டா ஒன்னும் ஆகாதுப்பா" என்று இலையில் பிரியாணியை வைத்துவிட்டுப் போனார் மாமா. அன்பால்தான் செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் மருந்து சாப்பிடுகிறவன் கையிலிருந்து மருந்தைப் பிடுங்க மாட்டோம் இல்லையா? இந்த உணவுமுறை நடக்கும் மாதங்களில் சாப்பிடாமல் இருப்பதுதான் அவருக்கு மருந்து. சொந்தக்காரர்கள் தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே யாராவது தொடங்கிவிடக் கூடாது. கிளிக்லசைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ அதே அளவில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம், அது உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்த மாத்திரையையும் டாக்டர் திருத்தி எழுத வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். டைரக்ட் ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்தினார்கள், ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில். தொடங்குவதற்கு முன் கண் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

அப்புறம், முடிந்த பிறகு என்ன என்பதுதான் பெரிய கேள்வி. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை ஏறி இறங்கி, விரதத்தை முடித்துப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இதை அப்படி முடிக்க முடியாது. டைரக்ட் ஆய்வில் 46 சதவீதம் இரண்டாம் வருடத்தில் 36 ஆனது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தவர்களில் 13 சதவீதம் பேர்தான் மாத்திரை இல்லாத நிலையில் இருந்தார்கள். எடை திரும்பினால் நோயும் திரும்பும். இதைக் காட்டி "அப்படியென்றால் எதற்கு?" என்கிறார்கள் சிலர். சர்க்கரை உடம்பை அரிக்காத ஒவ்வொரு வருடமும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் லாபம் என்று நான் நினைக்கிறேன். அப்பாவைப் பார்த்தவள் நான். திரும்ப மாத்திரை தொடங்க வேண்டி வந்தவரைத் தோற்றவர் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணன் இப்போது மாத்திரை இல்லாமல் இருக்கிறார். வாரம் ஒருமுறை எடை பார்க்கிறார், எச்பிஏ1சி பரிசோதனையைத் தவற விடுவதில்லை. இரண்டு மூன்று கிலோ ஏறினால் சில நாட்கள் மறுபடியும் ஷேக்குக்குப் போகிறார், டாக்டருக்குத் தெரிந்தே.

இங்கிலாந்தில் அரசு சுகாதாரச் சேவையே இதை ஒரு திட்டமாக நடத்துகிறது. நம் அரசாங்கக் கிளினிக்குகளிலும் புதிதாக நோய் கண்டவர்களுக்கு இதை முறையாகத் தர வேண்டும், உணவியல் நிபுணரோடு, மாத்திரையைத் திருத்தி எழுத ஒரு டாக்டரோடு. ஷேக் மாவை வசதியுள்ளவர்கள் மட்டும் பார்மசியில் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது எட்டவே எட்டாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது அண்மையில் கண்டுபிடித்திருந்தால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள்: "எனக்கு எண்ணூறு கலோரி முறை ஒத்துவருமா? எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?" சமையல் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், அண்ணியிடம் கேட்டுச் சொல்கிறேன்.