நெஹு தூண்டில் முள்ளில் கோக்கப்படும் இரையா?

ஹவாய்த் தீவுகளில் 'நெஹு' என்னும் சிறு நெத்திலியை முள்ளுக்கு ஒன்றாகக் கோத்துத்தான் 'அக்கு' என்னும் சூரை மீனைப் பிடிக்கிறார்கள் என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. (அக்கு வேறு ஒன்றுமில்லை, மாசிக் கருவாடாக நாம் அறிந்த மீன்தான்.)

ஹவாயின் விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் வாழும் நெஹு, ஒரு விரல் நீளமே வளரக்கூடியது. கனியோஹே விரிகுடா, பேர்ல் துறைமுகம் போன்ற இடங்களில் வலையிட்டுப் பிடித்து, படகின் நீர்த்தொட்டிகளில் உயிரோடு கொண்டு செல்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் கைவலையால் அள்ளிக் கடலில் வீசுவார்கள். சிதறியோடும் அவற்றைத் துரத்தி வரும் சூரை, படகிலிருந்து பீய்ச்சும் நீர்த்தூறலில் வெறிகொண்டு எதையும் கவ்வும். அப்போது அது கவ்வுவது நெஹுவை அன்று, இறகு கட்டிய போலி இரையையே. அந்த முள்ளில், மீன் கழலாமல் தடுக்கும் எதிர்க்கொக்கி இல்லாததால், கழியைச் சுண்டித் தூக்கியதும் மீன் தானே கழன்று தளத்தில் விழும். முள்ளுக்கு ஒரு நெத்திலி கோக்க நின்றால் இந்த வேகம் கைகூடாது.

செத்த நெத்திலியும் போதும் என்று அதே செய்தி சேர்த்துச் சொல்வது இன்னும் பெரிய பிழை. செத்தது சிதறியோடாது; அதைத் துரத்திச் சூரை வராது. ஆனால் நெஹுவை உயிரோடு வைத்திருப்பது எளிதன்று. அதன் செதில்கள் கைபட்டாலே உதிரும். தொட்டியில் சில நாட்களிலேயே பெருமளவில் மடியும். உயிருள்ள இரை கிடைக்காமல் படகுகள் தவித்ததால்தான் திலாப்பியா மீனை மாற்றாக வளர்த்துப் பார்த்தார்கள்.