வெறும் பேருன்னு விட முடியாதுங்க
அமெரிக்கால டாக்டரா இல்லாட்டியும் மருந்து எழுதுற நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டன்ட் இவங்கள எல்லாம் டிஇஏங்கிற போதை மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு ‘மிட்-லெவல் பிராக்டிஷனர்’னு தனியா வகைப்படுத்துறது வெறும் ஆபீஸ் பேருதான்னு இங்க வந்த கட்டுரைல இருக்கு, அத என்னால ஒத்துக்க முடியலங்க. அங்க இவங்க பதிவு நம்பரே ‘எம்’ எழுத்துல ஆரம்பிக்குது, கட்டுப்பாட்டு மருந்துங்கள்ல எந்த ஷெட்யூல், அதாவது எந்தப் பிரிவு வரைக்கும் எழுதலாம்னு அந்தந்த மாநிலச் சட்டம் முடிவு பண்ணுது, அப்புறம் எப்படி வெறும் பேரு? நாங்க பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. அப்பாவுக்கு வாயில கேன்சர் முத்தினப்ப மார்ஃபின்ங்கிற வலி மாத்திரைதான் கொஞ்சமாச்சும் தூங்க வெச்சுது. டாக்டர பாக்குறது மாசத்துக்கு ஒருக்கா, வீட்டுக்கு வந்து மாத்திரைய எண்ணி, எத்தன மணிக்கு குடுத்தோம்னு நோட்ட பாத்து, மலச்சிக்கல் இருக்கான்னு கேட்டு எல்லாம் பண்ணது பேலியேட்டிவ் சிஸ்டர், அதாவது வலி தணிக்கிற சிகிச்சை குடுக்குற நர்ஸ்தான். ஒரு ராத்திரி வலி தாங்காம கத்துறாரு, சிஸ்டருக்கு போன் போட்டா எவ்வளவு கூட்டணும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியுது, ஆனா டாக்டர் சொல்லாம கூட்டச் சொல்ற அதிகாரம் இல்ல, டாக்டர் லைன்ல கிடைக்கறதுக்குள்ள விடிஞ்சே போச்சு. 2014-ல நம்ம நாட்டு போதைப்பொருள் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்த திருத்தி ஆஸ்பத்திரிங்க மார்ஃபின் வாங்கி வெக்கிற லைசென்ஸ சுலபமாக்கினாங்க, நல்லதுதான், ஆனா சீட்டு எழுதுறது டாக்டர் மட்டும்தான். டாக்டர் எழுதிக்குடுத்த அளவுக்குள்ளயாவது கூட்டிக் குறைக்க டிரெயினிங் எடுத்த நர்ஸுக்கு சட்டத்துல ஒரு இடம் வேணும். மேல கமெண்ட்ல ஒருத்தர் நர்ஸ் கைல குடுத்தா வெளிய வித்துருவாங்கன்னு எழுதியிருக்காரு, அப்பா போன மறுநாள் மிச்சமிருந்த மாத்திரைய எங்க முன்னாடியே எண்ணி எழுதி திருப்பி எடுத்துட்டுப் போனது அந்த சிஸ்டர்தாங்க.