அதிபர் இல்லாத நாள்

ஒரு பாடசாலை அதிபர் எப்படிப்பட்டவர் என்று அறிய வேண்டுமா? அவர் கூட்டத்துக்கென்று வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன நாளில் அந்தப் பாடசாலைக்குப் போய்ப் பாருங்கள். பெறுபேறுகளை விட அது உண்மை பேசும்.

நான் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் படிப்பித்தேன், மேற்கே படுவான்கரையிலும் படிப்பித்தேன். ஒரு அதிபர் காலை 7.30 ஆனதும் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறிவிடுவார். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதை (மிதவைப் படகு) பிந்தினாலும் கோடு கோடுதான். சரி, சட்டம் அவர் பக்கம். நாங்களும் நேரத்துக்கு வந்தோம். ஆனால் 1.30 மணி அடிக்கும்போது எல்லோர் கையிலும் ஹெல்மெட் இருக்கும். பின்னேர வகுப்பு என்று கேட்டால், "கோட்டுக்குள்ள வந்தம், கோட்டோட போவம்" என்பார் கணித சேர். பாடக்குறிப்பு மட்டும் முத்துமுத்தாக இருக்கும், பார்ப்பது அதைத்தானே! அவர் வலயத்துக்குப் போனால் ஆசிரியர் அறையில் திருவிழா.

இன்னொருவர் பத்தாம் தரத்தின் கடைசி வாங்கில் வந்து சத்தமில்லாமல் உட்காருவார். எதுவும் எழுதமாட்டார். இடைவேளையில் தேநீரோடு கூப்பிட்டு, "சேர், பின்வாங்குப் பிள்ளையள் கணக்க விளங்காமக் கொப்பி பண்ணுதுகள், கண்டீங்களா?" என்பார். யாராவது லீவு என்றால் அந்தப் பாடவேளைக்கு அவரே போவார். அவர் இல்லாத நாளில் பகுதித் தலைவர் ரிலீஃப் பட்டியலை ஒட்டிவிடுவார், ஒருவரும் முகம் சுளிக்கமாட்டோம்.

1939இல் உளவியலாளர் கேர்ட் லெவினும் சகாக்களும் அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களை வைத்துச் செய்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. அதட்டி நடத்திய தலைவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசி நடத்தியவர் போன பிறகும் வேலை ஓடியது. எதையும் கண்டுகொள்ளாத தலைவரிடம் வேலையே பெரிதாக நடக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த மூன்றாவது ஆளுக்குத்தான் "நல்ல மனுசன்" என்று பெயர். அவருடைய பாடசாலையில் உழைக்கிற நாலு பேர் மற்றவர்களின் சுமையையும் சேர்த்துத் தூக்கி, கடைசியில் இடமாற்றம் கேட்பார்கள்.

அதிபர்களின் பாடும் லேசில்லை. ஆளை அவர்கள் தெரிவு செய்வதில்லை, மேலே இருந்து வருகிறது. "நாளை 10 மணிக்குள் தரவு" என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் கேட்டால் வகுப்பறைப் பக்கம் எப்படிப் போவது? ஆகவே மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: அலுமாரிக் கோப்புகளைப் புரட்டுமுன், அதிபர் பக்கத்தில் இல்லாமல், ஆசிரியர்களோடு அரை மணித்தியாலம் பேசுங்கள்.