கடலுக்குக் கிடைத்த பாதுகாப்பு மக்களுக்கு எங்கே?

பசிபிக் கடலில் இருக்கும் துவாலு நாட்டின் ஒன்பது தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நாட்டுக்கு உரிய கடல் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதே கடலில் இருக்கும் கிரிபாட்டி நாட்டின் கணக்கு இன்னும் பிரமிப்பானது: 811 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். உலகின் சூரை மீன் பிடிப்பில் கணிசமான பங்கு பசிபிக் தீவு நாடுகளின் கடலிலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமத்துக்குக் கட்டும் பணம் இந்த இரு அரசுகளுக்கும் முதன்மையான வருவாய். அதனால், தீவு மூழ்கினால் என்ன ஆகும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அந்தக் கடல் யாருக்குப் போகும் என்பதுதான்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சார் சட்ட உடன்படிக்கை எழுதப்பட்டபோது கரை நகரும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நீர் வற்றும்போது தெரியும் கரையோரக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல். 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலான வளங்கள்மீது அந்த நாட்டுக்கே உரிமை உள்ள கடல். கடல் ஏறி அந்தக் கோடு உள்ளே தள்ளப்பட்டால் மண்டலமும் உள்ளே நகரும் என்றுதான் பல சட்ட அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். போதாததற்கு 121ஆவது பிரிவு வேறு: மனித வாழ்வையோ தனக்கான பொருளாதாரத்தையோ தாங்க முடியாத பாறைகளுக்கு 200 மைல் உரிமை கிடையாது. குடிநீரில் உப்பேறி மக்கள் வெளியேறிவிட்ட ஒரு பவளத்தீவை நாளை யாராவது இந்தப் பிரிவின்கீழ் பாறை என்று வாதிட்டால்? கடல் மட்டம் உயர ஏறக்குறைய எந்தப் பங்கும் ஆற்றாத ஒரு மக்கள், நிலத்தையும் இழந்து, அந்த இழப்பையே காரணமாகக் காட்டிக் கடலையும் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

இங்கே பசிபிக்கில் ஜப்பானிடம் இருக்கும் ஒக்கினோதோரிஷிமா என்ற பவளத்திட்டைச் சொல்லாமல் போக முடியாது. கடல் நீர் ஏறும் வேளையில் நீருக்குமேல் தலைகாட்டுவது இரண்டு சிறு பாறைகள் மட்டுமே. ஜப்பான் அவற்றைச் சுற்றிக் கான்கிரீட்டும் இரும்பும் கொட்டிக் காத்து, 200 மைல் மண்டலமும் கோருகிறது. சீனாவும் தென்கொரியாவும் அதை ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை எப்படியும் போகட்டும். பணம் இருக்கும் நாடு பாறையைத் தீவு என்று வாதாடுகிறது. பணம் இல்லாத நாடு தன் தீவு பாறையாகிவிடுமோ என்று அஞ்சுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை எந்தச் சட்டமும் கண்டும் காணாமல் விடக்கூடாது.

தீவு நாடுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2021 ஆகஸ்ட்டில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள் கூடி, ஒருமுறை வரையறுத்து ஐ.நா.விடம் அறிவித்துவிட்ட கடல் எல்லைகள் கடல் மட்டம் உயர்ந்தாலும் மாறாது என்று பிரகடனம் செய்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை; இதுதான் எங்கள் நிலைப்பாடு என்று சொல்லிவிட்டு மற்ற நாடுகளை ஒவ்வொன்றாகத் தம் பக்கம் சேர்த்தார்கள். சர்வதேசச் சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது, ஆனால் அதை உருவாக்கும் இடத்தில் வழக்கமாகப் பெரிய நாடுகளே இருக்கும். இன்னொரு பக்கம், 2019இல் வனுவாட்டுவில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை மாற்றம் குறித்து நாடுகளின் கடமை என்ன என்று உலக நீதிமன்றத்தையே கேட்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை, அந்தக் கேள்வியை நீதிமன்றத்திடம் கேட்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்திடமிருந்து தீர்க்கமான பதில் வந்தது: கரை நகர்ந்தாலும், அறிவித்த எல்லைகளைத் திருத்தி எழுதும் கடமை எந்த நாட்டுக்கும் இல்லை.

நாடு என்ற தகுதி நிலைக்குமா என்பதற்கும் நீதிமன்றம் அன்றே பதில் சொன்னது. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கையும் 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை கேட்கிறது. ஆனால் ஒரு நாடு உருவாகிவிட்ட பிறகு அவற்றில் ஒன்று மறைந்தால் நாடும் மறைந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை என்றது நீதிமன்றம். வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1870 முதல் 1929 வரை ஆள ஒரு பிடி மண் இல்லாமலேயே திருப்பீடம், அதாவது போப்பின் தலைமையிலான கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சிபீடம், தூதர்களை அனுப்பியது, ஏற்றது. இரண்டாம் உலகப் போரில் போலந்து அரசும் நார்வே அரசும் லண்டனில் இருந்தன. அந்த நாடுகள் இல்லாமல் போய்விட்டன என்று நட்பு நாடுகள் சொல்லவில்லை. துவாலு 2023இல் தன் அரசியலமைப்பையே திருத்தி, நிலம் எப்படிப் போனாலும் தன் அரசுத் தகுதி என்றென்றும் தொடரும் என்று எழுதிவைத்தது. ஆனாலும் எந்தச் சூழ்நிலையிலும் நாடு அழியாது என்று நீதிமன்றம் அறுதியிட்டுவிடவில்லை. மிச்சத்தை மற்ற நாடுகளின் அங்கீகாரம்தான் முடிவு செய்யும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெற்றிதான். மனதார மகிழ்கிறேன். ஆனால் எல்லையும் கொடியும் காப்பாற்றப்பட்ட வேகத்தில் மனிதர்கள் காப்பாற்றப்படவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பெயரால் துன்புறுத்தப்படுவோருக்கானது. கடல் யாரையும் இனம் பார்த்துத் துரத்துவதில்லை. ஆகவே வீட்டைக் கடலிடம் இழந்தவர் சட்டத்தின் பார்வையில் அகதி இல்லை. கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவர் நியூசிலாந்தில் கடைசி நீதிமன்றம் வரை இதற்காகப் போராடினார். தோற்றார், 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார். ஐ.நா. மனித உரிமைக் குழு 2020 ஜனவரியில் வெளியிட்ட முடிவில், உயிருக்கே ஆபத்தான இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது சட்டமீறல் ஆகலாம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. ஆனால் அவருடைய விஷயத்தில் இன்னும் 10 முதல் 15 ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று கைவிரித்தது. அதாவது ஆபத்து வாசலுக்கு வந்த பிறகு வா என்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு 15 ஆண்டு என்பது குழந்தைகளின் முழுப் பள்ளிக்காலம்.

மக்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. இன்று கிரிபாட்டியில் இருக்கும் பனாபா தீவில் 1900 முதல் 1979 வரை பாஸ்பேட் வெட்டி எடுத்தார்கள். 1945 டிசம்பரில் பிரிட்டிஷ் நிர்வாகம் பனாபா மக்களை ஃபிஜியின் ராபி தீவுக்குக் கொண்டுபோனது. அந்தத் தீவை வாங்கியதே அம்மக்களின் பாஸ்பேட் நிதியில்தான். பிறகு அவர்கள் லண்டனில் பிரிட்டிஷ் அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதி மெகாரி அந்தத் தீவையே நேரில் சென்று பார்த்தார். ஆனால் அம்மக்களிடம் அரசுக்கு இருந்த கடமை நீதிமன்றம் அமல்படுத்தக்கூடிய கடமை அல்ல என்று தீர்ப்பளித்தார். அநியாயம் நடந்ததா என்பதில் பெரிய சந்தேகம் இல்லாத இடத்திலும் அதற்குப் பரிகாரம் கிடைக்கவில்லை. அதே நேரம், கிரிபாட்டி அரசியலமைப்பு செய்த ஒன்றைப் பெரிதாக மதிக்கிறேன்: ராபியில் வாழ்வோருக்குத் தன் நாடாளுமன்றத்தில் இடம் கொடுத்தது, பனாபா நிலத்தின்மீது அவர்களுக்குள்ள உரிமையையும் காத்தது. இடம்பெயர்ந்த பின்னும் தன் மண்ணைப் பற்றிய முடிவில் பங்கு உண்டு என்பதற்கு எழுத்தில் இருக்கும் முன்மாதிரி இது.

இந்தக் கண்ணோடுதான் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் கையெழுத்திட்ட ஃபலேபிலி ஒப்பந்தத்தை வாசிக்கிறேன். ஆண்டுக்கு 280 துவாலுக்காரர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறி வேலை பார்க்கலாம், படிக்கலாம். துவாலுவின் அரசுத் தகுதி தொடரும் என்பதையும் ஆஸ்திரேலியா எழுத்தில் ஏற்கிறது. அந்த இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்துப் பதிந்தவர்கள் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். அதைப் பார்த்து, எல்லோரும் நாட்டைக் காலிசெய்யத் துடிக்கிறார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. வாசல் ஒன்று திறந்திருக்கும்போது அதற்கு ஒரு சாவி வேண்டும் என்று நினைப்பது வெளியேறும் முடிவு அல்ல. என் எதிர்ப்பு வேறொன்றுக்கு. வேறு எந்த நாட்டுடனும் பாதுகாப்பு உடன்பாடு செய்வதானால் துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு. நிலக்கரியும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்வதில் உலகின் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாடு, அந்தப் புகையால் பாதிக்கப்படுவோருக்குத் தங்க இடம் கொடுக்க இறையாண்மையில் ஒரு பங்கைக் கேட்கலாமா? கேட்கக்கூடாது என்றே உறுதியாக நினைக்கிறேன்.

ஏனென்றால் இது தயவு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. பசுமைக்குடில் வாயுக்கள் கடலை மாசுபடுத்துகின்றன, அதைத் தடுப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2024 மே மாதமே கூறிவிட்டது. தீங்கு செய்த நாடு இழப்பை முழுமையாக ஈடுசெய்ய வேண்டியிருக்கலாம் என்றும், புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கு உரிமமும் மானியமும் தருவதுகூட சட்டமீறலாகக் கருதப்படலாம் என்றும் ஹேக் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஆலோசனைக் கருத்துகள்தாம். அவற்றைக் காட்டி யாரையும் நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அடுத்த தீவு நாடு பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும்போது அவை அதன் கையில் இருக்கும். குலுக்கல் இல்லாத குடியேற்ற உரிமை, இரட்டைக் குடியுரிமை, வெளிநாட்டிலிருந்தே தன் அரசைத் தேர்ந்தெடுக்க வாக்கு, மீன்பிடி வருவாய் இடம்பெயர்ந்த மக்களுக்குப் போய்ச்சேரும் ஏற்பாடு ஆகியவற்றை அந்த நாடு உரிமையாகவே கேட்கட்டும். பாதுகாப்பு உடன்பாட்டை அதற்கு விலையாக வைக்கும் வரைவு வந்தால் கையெழுத்திட வேண்டாம்.